பன்னிரண்டு கிராம் அதிமதுரம்

அதிமதுரம் கொடுத்தே ஆயிரம் நாய்களின் வயிற்றைச் சரிசெய்திருக்கிறேன். சரி, ஆயிரம் என்பது வாய்க்கு வந்த கணக்கு. நூறா? அதுவும் இல்லை. உள்ளது ஒரே நாய், அதுவும் என் நாத்தனாருடையது. கதையும் அவளுடையதுதான்.

அவள் முப்பது வருஷமாக மூலிகை மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறவள். குந்துமணி எடைகூடப் பிசகமாட்டாள், அதனால் எங்களுக்கு அவள் குந்துமணி. நாய்க்கு, பூனைக்கு என்று யார் வந்து நின்றாலும், "வேற மருந்து ஏதாவது சாப்பிடுதா?" என்று கேட்காமல் தராசைத் தொடமாட்டாள். பூனைக்குப் பொடி வாங்கப் போன என் வீட்டுக்காரர் பதில் தெரியாமல் முழித்தார். கூடப்பிறந்த அண்ணன் என்றும் பாராமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள்.

அப்படிப்பட்டவள் தன்னிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துபோனாள். அவளுடைய கிழட்டு நாய் துரை, தின்றதையெல்லாம் கக்கியது. ஐம்பது கிராம் அதிமதுரப் பொடி கொண்டுவந்து, நாளுக்கு ஒரு கிராம் கஞ்சியில் குழைத்து ஊட்டினாள். துரையின் இதயக் கோளாறுக்கு டாக்டர் தந்த நீர் மாத்திரையையும் அதே கைதான் ஊட்டியது. அந்த வாரம் நான் அங்கே விருந்தாளி. அவள் கடைக்குப் போனால் வீட்டில் துரையும் நானும்தான்.

நான்காம் நாள் காலையில் துரை எழப் பார்த்தது. பின்னங்கால்கள் துவண்டு சரிந்தன. மறுபடி முயன்றது, மறுபடி சரிந்தது. அப்புறம் முயலவே இல்லை.

போனில் டாக்டரின் குரல் ஏறியது. "அந்த மாத்திரையோட அதிமதுரமா? ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிடும்மா. இதயமே நின்னுடலாம். உடனே தூக்கிட்டு வாங்க. எவ்வளவு உள்ள போச்சுன்னு சரியா தெரியணும்."

மூன்று கிராம் என்று சொல்ல வாயெடுத்தவள், கைப்பழக்கத்தில் பொட்டலத்தை வீட்டுத் தராசில் வைத்தாள். முகம் வெளுத்தது.

"நாப்பத்தேழு இருக்கணும் அண்ணி. முப்பத்தெட்டுதான் இருக்கு. ஒன்பது எங்க போச்சு?"

"எனக்கென்னடி தெரியும்? சிந்தியிருக்கும்." முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

ஆட்டோவில் துரையை மடியில் கிடத்தி, அதன் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே எனக்கு உயிர் போய் வந்தது. டாக்டரோடு அவள் மட்டும் உள்ளே போனாள். நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம், "போயிடுச்சு அண்ணி" என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் துரை தலையைத் தூக்கி அவள் கையை நக்கியது.

ஒன்பது கிராம் தரையில் சிந்தியதால் துரை பிழைத்தது என்று இந்தக் கதையை எழுதி முடித்தேன். குந்துமணி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"சிந்தல அண்ணி. சிந்தினா தரையில கிடக்கும். பொடி உங்க முந்தானையில ஒட்டியிருந்துச்சு. டாக்டர்கிட்ட பன்னெண்டுன்னுதான் சொன்னேன்."