மூன்றாம் மாடிக்கு மட்டும் போன நோட்டீஸ்

அபார்ட்மெண்ட் சங்கத்தில் மேனேஜர் என்றால், கமிட்டி போடும் விதிக்கு வாசல் வாசலாக நின்று திட்டு வாங்கும் உத்தியோகம். விதியை மீறியதாக நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரம் பக்கம் ஒரு கட்டடத்தில் அந்த வேலையில் இருந்தேன்.

பால்கனித் துணி

தெருவைப் பார்த்த பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது விதி. மூன்றாம் மாடியில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார், ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து கணவர் படுத்த படுக்கை. படுக்கையில் விரிக்கும் துப்பட்டி தினமும் நாலைந்து அலசிப் போட வேண்டியிருந்தது.

ஒரே மாதத்தில் அவருக்கு மூன்று நோட்டீஸ் டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கத் தலைவர் வீட்டுத் தெருப்பக்கப் பால்கனியிலும் சேலைகள் தொங்கின. பார்க்காத மாதிரி படியேறினேன். மூன்றாவது நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே டீச்சர் சொன்னார்: “மொட்டை மாடியில போயிக் காயப்போடலாமுங்க. நான் மேல இருக்கறப்ப அவரு கூப்புட்டா, நீங்க வந்து என்னன்னு கேப்பீங்களா?”

லிஃப்ட் சாவி

கரண்டை மிச்சப்படுத்த, மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை லிஃப்டை நிறுத்திவைப்போம். சாவி என்னிடம். ஒருநாள் இரண்டு மணிக்கு டீச்சர் ஓடி வந்தார். கணவருக்கு மூச்சுத் திணறுகிறது, டாக்ஸி வந்துவிட்டது.

சாவியைப் போட்டுத் திருப்பியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று தலைவருக்குப் போன் செய்தேன். “இன்னிக்கு ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு பேரு புடிச்சா எறக்கீரலாம்” என்றார். போன வாரம் இதே நேரத்தில் அவர் மகள் கல்யாணச் சாமான்கள் லிஃப்டில்தான் ஏறின. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, டாக்ஸி டிரைவரும் நானும் தூக்கினோம். ஒவ்வொரு படிக்கும் அவர் முனகினார். பின்னாலேயே டீச்சர் தலையணையோடு இறங்கினார். கீழே வந்ததும் டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, லிஃப்ட் ரிப்பேருங்களா?”

பொதுக்கூட்டம்

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அவர் இறந்துபோனார். படியில் இறக்கியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை; அதனால் இல்லையா என்று கேட்க எனக்கும் தைரியமில்லை.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். டீச்சர் எழுந்து, இந்த விதியெல்லாம் எல்லா வீட்டுக்கும்தானா என்று கேட்டார். தலைவர் பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருந்தவர், பொதுவில் நல்ல மனுஷர். “விதின்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க” என்றார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

எழுந்தேன். “இல்லீங்க. துணி நோட்டீஸ் டீச்சர் ஊட்டுக்கு மட்டுந்தான் போச்சு. தலைவர் ஊட்டுச் சாமானுக்கு மத்தியானத்துல லிஃப்டைப் போட்டதும் நாந்தானுங்க.”

கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சாகி, லிஃப்ட் நாள் முழுக்க ஓட வேண்டும், நோட்டீஸ் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. தலைவர் தலை நிமிரவில்லை. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமுங்களே, தம்பி.”

அதற்கப்புறம் கட்டடத்தில் எல்லோரும் என்னை நேர்மையானவன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் பிந்தி வந்த நேர்மை என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.