பெண் கேட்டு வந்த படை

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்ததும் நேராக நண்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவனுக்குத் தோல் வியாபாரம். இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. நாங்கள் அங்கே செய்வது பொம்மைச் சண்டை.

கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்களுக்கு நாங்களே வண்ணம் தீட்டி, சாப்பாட்டு மேஜையில் அணிவகுக்க வைப்போம். எந்தப் படை எவ்வளவு தூரம் நகரலாம் என்று டேப் வைத்து அளப்போம். யார் விழுந்தார், யார் பிழைத்தார் என்பதைப் பகடை சொல்லும். தெர்மாகோலில் ஒரு மலையும் உண்டு, எங்கள் ஊர் மலை மாதிரியே மொட்டையாக. அதன் அடியில் அட்டையில் வெட்டிய ஒரு குளம். என் படை சிவப்பு, அவனுடையது நீலம். வேறு வித்தியாசம் கிடையாது.

ஒருநாள் நண்பனின் மனைவி, டீயை வைக்க மேஜையில் இடமில்லாமல் தட்டோடு நின்றார். தமிழ் எம்.ஏ. படித்தவர்.

"ஏண்ணே, இவுங்க எதுக்கு இப்புடி அடிச்சுக்கிறாங்க?"

"சும்மா விளையாட்டுக்குத்தாம்மா."

"விளையாட்டுன்னாலும் ஒரு காரணம் வேணாமா? ஒண்ணுமில்லாததுக்கா அம்புட்டுப் பேரும் சாகுறாங்க?"

சங்கப் பாடல்களில் வரும் ஒரு நிலைமையை அங்கேயே நின்று சொன்னார். பெரிய வேந்தன் சிற்றூர்த் தலைவனிடம் பெண் கேட்டு வருவான். தலைவன் கொடுக்க மறுப்பான். வேந்தனின் யானைகள் ஊர் எல்லையில் வந்து நிற்கும். பெண்ணின் அண்ணன்மார் வேல்களைத் தீட்டுவார்கள். ஊர் என்ன ஆகுமோ என்று புலவர் கலங்குவார்.

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாப்ளே, நீதான்டா ராசா. நான் பொண்ணு குடுக்க மாட்டேன், போ!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் தலைவனுக்கு நரைத்த தலையும் தாடியும் வரைந்துவிட்டான். ஆட்டத்தின் நடுவில் அந்தக் கிழவர் என் குதிரைப்படைக்கு எதிரே தனியாக மாட்டிக்கொண்டார். நான் குதிரைகளை வேறு பக்கம் திருப்பினேன்.

"ஏன்டா அங்கிட்டுப் போற? இங்கதான வழி தொறந்து கெடக்கு?"

"வயசானவருடா. பொண்ணப் பெத்தவரு வேற."

அவன் சிரித்த சிரிப்பில் பாதிப் படை சரிந்தது. அன்று நான் தோற்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி கையில் ஒரு பொம்மையோடு வந்தார். உபரியாகக் கிடந்த வில்லாளிக்கு மஞ்சள் உடை தீட்டியிருந்தார்.

"அந்தப் பாட்டுகள்ல எனக்கு ஒரே ஒரு கொறை. பொண்ணை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இவதான் அந்தப் பொண்ணு."

எங்கள் படைகளிலிருந்து ஆளுக்குப் பத்து வீரர்களை எடுத்துக்கொண்டார். சண்டை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்களாம். விதியில் இடமில்லை என்று நாங்கள் கத்தினோம். விதிப் புத்தகத்தைத் திறந்து, மூன்றாவது அணிக்கு அனுமதி தரும் பக்கத்தைக் காட்டினார். நாங்கள் இருவருமே அதுவரை அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மலையும் குளமும் அவர் வசமாகிவிட்டன. "அப்பாவும் தோத்தாச்சு, மாப்பிள்ளையும் தோத்தாச்சு. ஊரு இனி அவளோடது," என்று சொல்லிவிட்டு, நண்பனை டீ போடச் சொன்னார்.

இப்போது மூன்று பேராக ஆடுகிறோம். போன வாரம் என் படைக்கு அவரிடம் புதுக் கதை கேட்டேன். மழைக்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவதாக தன் மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு தலைவனை எழுதித் தந்தார். அந்த மனைவியைக் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு இடத்திலும் தயங்காமல் முன்னேறி, நான்காவது சுற்றிலேயே ஜெயித்தேன்.