ரயில்பெட்டியும் மூன்றாம் பெஞ்சும்

1953 நவம்பர் 18, புதன்கிழமை. கார்த்திகை பிறந்த வாரம். இரவெல்லாம் பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. வழக்கம்போல் நாலரை மணிக்கு எழுந்து குளித்தேன். வாசல் ஈரமாக இருந்ததால் கோலத்தைச் சிறியதாக முடித்துக்கொண்டேன். காப்பி, அதன் பிறகு சேனை எரிசேரி, மோர், கணவருக்கு டிபன். அவர் செக்ரெட்டேரியட்டில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். எனக்குப் பின்னால்தான் கிளம்புவார். நான் ஒன்பது மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கு நடப்பேன். அன்றும் அப்படித்தான். ஒரே ஒரு மாற்றம்: அலமாரியின் அடித்தட்டில் நான்கு வருஷமாகக் கட்டாமல் வைத்திருந்த கருநீலப் புடவையை எடுத்துக் கட்டினேன். அதன் இடது பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, இழை ஓட்டித் தைத்திருக்கும். வழக்கமாகக் கட்டினால் அந்தத் தையல் மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டேன்.

கணவர் பார்த்துவிட்டார். “இன்னிக்கா?” என்றார்.

“இன்னிக்குத்தான்.”

“ஈசுவரா,” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்தப் புடவை கிழிந்தது 1949இல், இதே மாதத்தில். பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிரிவுக்கு நான் சரித்திர ஆசிரியை. ஐந்தாம் பாரத்து, அதாவது பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு முதல் உலக யுத்தத்தின் காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘காரணங்கள்’. அதன் கீழே வல்லரசுகளின் ரகசிய உடன்படிக்கைகள், போட்டி போட்டுக் கட்டிய போர்க்கப்பல்கள், பிறர் நிலத்தைப் பங்கு போட்ட பேராசை, பழைய தோல்விகளின் புகைச்சல். வலப்பக்கம் ‘சாக்கு’. அதன் கீழே ஒரே வரி: ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். வைக்கோல் அடைத்த வீட்டில் தீக்குச்சி விழுந்தால் தீக்குச்சியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

நாஞ்சில் நாட்டுக்காரர். அதுவரை இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்து, அந்த வருஷம்தான் தலைமைப் பதவிக்கு வந்திருந்தார். பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இது என்னது டீச்சரே, கதாகாலட்சேபமா? பரீட்சையில ரெண்டு மார்க்குக் கேள்வி. அதுக்கா இவ்வளவு சாக்பீஸு?”

“காரணம் வேற, சாக்கு வேறன்னு சொல்லிண்டிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அங்க போயி இரிங்க. எப்படி எடுக்கணும்னு நான் காட்டித் தாறேன்.”

அவர் விரல் நீட்டிய இடம் மூன்றாம் பெஞ்சு. நாற்பது வயதில் நான் போய் இரண்டு மாணவிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். முழங்கால் முன்னால் இருந்த மேசைப் பலகையில் இடித்தது. என் எழுத்தைத் துணியால் துடைத்துவிட்டு அவர் பாடம் எடுத்தார். அதை அப்படியே தருகிறேன். ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. “ஜெர்மனி ராஜகுமாரனை ஒருத்தன் சுட்டான். ராஜாவுக்குக் கோபம் வந்தது. அதனால் சண்டை வந்தது. மற்ற நாடுகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஜெர்மனி தோற்றது. இதில் காரணம் தேடுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.” சுடப்பட்டவர் ஜெர்மானியர் அல்ல என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு நான் சொல்லிக் கொடுத்திருந்ததால் மாணவிகளில் பாதிப் பேருக்கும் தெரியும். அவர்களும் குனிந்து அதையே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது. எழுந்தேன். வெளியே வரும்போது பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்த பிளவில் புடவை மாட்டிக் கிழிந்தது. பின் வரிசையில் சிரித்தார்கள். தலைமையாசிரியையும் சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லை. ஆசிரியைகள் அறையில் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கினார். ஜூன் மாதம் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் வாரத்திலேயே அவர்களுக்கு அந்தக் கதை கிடைத்துவிடும். நான் லீவு கேட்டால், “மூணாம் பெஞ்சுப் பிள்ளைக்கு மேலுக்கு சுகமில்லையாம்” என்பார். “மறந்துடேன்,” என்றார் கணவர். மறக்கிற விஷயங்களை நான் டயரியில் எழுதுவதில்லை.

1953 அக்டோபர் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. பள்ளியைப் பார்வையிடப் புதிய இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார், தலைமையாசிரியையும் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்று. எங்கள் தலைமையாசிரியைக்கு மார்ச்சில் ஓய்வுபெறும் வயது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தரும்படி விண்ணப்பித்திருந்தார். கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இன்ஸ்பெக்ட்ரஸின் அறிக்கையில்தான் இருந்தது. நாலு வருஷமாக அவர் எந்த வகுப்பும் எடுத்ததில்லை. எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தன் கதையைத் தானே சொல்லிச் சொல்லி, தான் எடுத்ததிலேயே சிறந்த வகுப்பு அதுதான் என்று நம்பியிருந்தார்.

“ஐந்தாம் பாரம், யுத்தப் பாடம். அன்னைக்கு எடுத்தேம்லா, அதுதான்,” என்றார் என்னிடம். “பாடக்குறிப்பு மட்டும் நீங்க எழுதித் தாங்க டீச்சரே. சுருக்கமா இருக்கணும். உங்க கதாகாலட்சேபம் வேண்டாம்.”

எழுதிக் கொடுத்தேன். அவர் 1949இல் சொன்னதை, சொன்ன வரிசையில், ஜெர்மனி ராஜகுமாரன் உட்பட. வாசித்துப் பார்த்தார்.

“இப்பத்தான் உங்களுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு,” என்றார்.

எனக்கு இருந்த மூன்று வாரத்தில் பெண்களைத் தயார் செய்தேன். அவர்களிடம் தலைமையாசிரியையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாடத்தைத்தான் நடத்தினேன், அதுவரை எந்த வருஷமும் நடத்தாத அளவுக்கு. காரணங்கள் ஒவ்வொன்றையும் தேசப்படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னேன். சந்தேகம் வந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டும், எதிரே யார் நின்றாலும் கேட்க வேண்டும் என்று பழக்கினேன். பாடத்திட்டத்தைத் தாண்டி அடுத்த யுத்தத்துக்கும் போனேன். அங்கேதான் அந்த ரயில்பெட்டி வருகிறது.

முதல் யுத்தத்தில் தோற்ற ஜெர்மானியர்கள் ஒரு காட்டுக்குள் நின்ற ரயில்பெட்டியில் ஏறிப் பணிந்து கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெட்டியைக் காட்சிசாலையில் வைத்துக் காப்பாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து பிரான்ஸ் தோற்றபோது ஜெர்மானியர்கள் அதே காட்டுக்கு வந்து, காட்சிசாலையின் சுவரை இடித்துப் பெட்டியை வெளியே இழுத்து, முன்பு நின்ற அதே இடத்தில் நிறுத்தி, பிரெஞ்சுக்காரர்களை ஏறச் சொன்னார்கள்.

“அந்தப் பெட்டியை ஏன் டீச்சர் அத்தனை நாள் வச்சிண்டிருந்தா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஜெயிச்சவாளுக்குப் பாக்கப் பாக்க ஆசையா இருக்கும்.”

“தூக்கிப் போட்டிருந்தா இது நடந்திருக்காதே.”

“நடந்திருக்காது,” என்றேன்.

என் பெட்டியை நான் தேட வேண்டியிருந்தது. வெள்ளையடித்தபோது பெஞ்சுகள் இடம் மாறி, பிளவு விழுந்த பெஞ்சு தையல் வகுப்பறைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு பெரிய அலமாரியை வாசலை ஒட்டி வைத்துவிட்டார்கள். பெஞ்சு வெளியே வரவில்லை. பியூனிடம் இரட்டைக் கதவில் ஒன்றைக் கழற்றச் சொன்னேன்.

“எந்தினா டீச்சரே இந்தப் பாடு? பெஞ்செல்லாம் ஒரே பெஞ்சல்லே?” என்று மலையாளத்தில் அலுத்துக்கொண்டார்.

“இல்லை,” என்றேன். கழற்றினார்.

அதை ஐந்தாம் பாரத்தில் மூன்றாவது வரிசையில், சுவரிலிருந்து முன்பு இருந்த தூரத்திலேயே போட்டேன். அந்த வரிசையில் ஒரு பெண்ணைக் குறைத்து முன்னால் நகர்த்தினேன். இடது ஓரம் காலியானது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை, வகுப்பில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைப் பின்னால் இன்ஸ்பெக்ட்ரஸுக்குப் போட்டேன். மற்றதன் மேல் பூகோள உருண்டையை வைத்தேன்.

வகுப்பு இரண்டாம் பீரியடில் தொடங்கியது. தலைமையாசிரியை நெய்யாற்றங்கரைக் கைத்தறியில், ஜரிகைக்கரை போட்டு, நிமிர்ந்து நின்றார். இன்ஸ்பெக்ட்ரஸ் மலையாளி. தமிழ் வகுப்புகளுக்கும் அவர்தான். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, தாளில் எதுவும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பின்சுவரை ஒட்டி நின்றேன்.

“ஜெர்மனி ராஜகுமாரனை ஒருத்தன் சுட்டான்,” என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார்.

நடுவரிசையில் ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், சந்தேகம். அவர் ஆஸ்திரியா இல்லையா?”

“ஏதாவது ஒண்ணு. இரி.”

அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். “டீச்சர், அது காரணமா, சாக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப ஒருத்தரைச் சுட்டா எப்பவும் யுத்தம் வருமா டீச்சர்?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. தலைமையாசிரியை மேசைமேல் இருந்த குறிப்பைப் பார்த்தார். அடுத்த வரியை வாசித்தார். “ராஜாவுக்குக் கோபம் வந்தது.” மூன்றாவதாக ஒருத்தி எழுந்து, “எந்த ராஜாவுக்கு?” என்றாள். நான் யாரையும் ஏவிவிடவில்லை. கேட்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கையைத் தூக்கினார். “மதி, போதும். ஹெட்மிஸ்ட்ரஸ் இனி இருக்கலாம். இந்தக் குட்டிகளுக்கு ஹிஸ்டரி எடுக்கிற டீச்சர் யாரு?”

“நான்,” என்றேன்.

“பாக்கி நீங்க எடுங்கோ.”

நான் முன்னால் நடந்தேன். தலைமையாசிரியை இறங்கி வந்து உட்கார இடம் தேடினார். நாற்காலியில் உலக உருண்டை இருந்தது. அதை எடுத்துக் கீழே வைக்க அவருக்குக் கை நகரவில்லை. நான் மூன்றாம் பெஞ்சின் இடது ஓரத்துக்கு விரல் நீட்டினேன்.

“நீங்க அங்க போயி இரிங்க,” என்றேன். அது என் வீட்டுப் பேச்சு இல்லை, அவருடைய பேச்சு. அவர் சொன்னதை அவர் தொனியிலேயே சொன்னேன்.

அவர் உட்கார்ந்தார். முழங்கால் இடித்ததைப் பார்த்தேன். பலகையில் அவர் எழுதியிருந்த இரண்டு வரிகளைத் துடைத்தேன். நடுவில் கோடு போட்டு இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். என் புடவையின் தையல் அவர் பக்கமாக இருக்கும்படி நின்றுகொண்டேன். மணி அடிக்கும்வரை பெண்கள் ஒவ்வொருவராக வந்து தேசப்படத்தில் காரணங்களைத் தொட்டுக் காட்டினார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அப்போதுதான் எழுத ஆரம்பித்தார்.

பழிவாங்கி முடித்தால் மனம் வெறிச்சோடிப் போகும் என்று சொல்வார்கள். எனக்குப் பசித்தது. கொண்டுபோன தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டு, பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரின் நாரத்தங்காயையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நாலு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மார்ச்சில் அவருக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலமே ஒன்று நடந்தது. பள்ளி விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையில் என் பாடக்குறிப்பு இருந்தது.

“டீச்சரே, இது நான் அன்னைக்கு எடுத்த பாடம்லா?”

“ஆமா. ஒரு வார்த்தை மாத்தலை.”

“தெரியாமப் போச்சு பாத்தேளா,” என்றார். என்னைக் கேலி செய்யத்தான் எங்கள் அக்கிரகாரப் பேச்சைப் பிடித்தார். அப்புறம் அவர் சிரித்தார். அதே சிரிப்பு. “நல்ல ஞாபகம் உமக்கு. எனக்கும் ஞாபகம் மோசமில்ல. அந்தப் பெஞ்சு அங்கயே கெடக்கட்டும், என்னா? எடுத்துராதீங்க.”

மழையிலேயே இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கணவர் காலைப் பேப்பரின் மிச்சத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சாச்சா?”

“ஆச்சு.”

“அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“மார்ச் வரைக்கும் அவதானே ஹெட்மிஸ்ட்ரஸ்,” என்றேன். பெஞ்சைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன்.

கணவர் பேப்பரை மடித்தார். “அந்த ரயில்பெட்டியை ஜெர்மன்காரன் அப்பறம் என்ன பண்ணினான்?”

“தன் ஊருக்கு இழுத்துண்டு போனான். கடைசியிலே தோக்கற சமயத்திலே எரிஞ்சு போச்சு. அவாளே எரிச்சுட்டதாச் சொல்றா.”

“மூணாந்தரம் யாரும் தன்னை அதிலே ஏத்திடக் கூடாதுன்னு.”

“ஆமா,” என்றேன். சாதம் வைக்க எழுந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. கோலத்தைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, காப்பிகூடப் போடாமல், விடிந்ததும் பள்ளிக்குப் போனேன். பியூன் அப்போதுதான் வெளிக்கதவைத் திறந்துகொண்டிருந்தார். இருவருமாக மூன்றாம் பெஞ்சைத் தூக்கிப் பின்பக்கத்தில் இருந்த கஞ்சிப்புரைக்குக் கொண்டுபோனோம். ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்சும் கொட்டகை அது. கோடாலி விறகுக் கட்டின் மேலேயே கிடந்தது.

“நல்ல தேக்காணல்லோ டீச்சரே,” என்று தயங்கினார்.

“தேக்குன்னா நன்னா எரியும். இந்த ஓரத்திலேர்ந்து ஆரம்பிங்கோ,” என்றேன்.

முதல் வெட்டு பிளவின் மேலேயே விழுந்தது.