சாகக் கூடாத ஆறு மாதம்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செஞ்சியில் பாதிப் பேருக்கு உயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் போன வருடம், 1985-இல், என் வேர்க்கடலைக் கொல்லையை ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தரை மாதம் கழித்து, கடைவீதியில் மண்டி வைத்திருக்கும் ஜைன நண்பர் ஜீவேந்திரன் கேட்டார்: "எனக்கு எழுதின மாதிரியேதான் உனக்கும் எழுதிக்கினியா? நீ கிறிஸ்துவனாச்சே, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா?"

அவர் வாயை அடைக்கத்தான் சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். அடைத்துப் போனது என் வாய். அண்ணன் தம்பி பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்குச் சொத்து எழுதினால், ஆறு மாதத்துக்குள் உயிலைப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எழுதிய பிறகு ஒரு வருடமாவது உயிரோடு இருக்கவும் வேண்டும். தவறினால் குழந்தைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்கு அண்ணன் மகன்கள் மூன்று பேர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், உயிலை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து ஒப்படைத்தேன். மீதி நிபந்தனையை என் மனைவி ஆரோக்கியம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"வறுவலத் தொடாதீங்க. கோட்ட மேல ஏறாதீங்க. போறதுன்னா வருஷம் முடிஞ்சி போங்க, பிள்ளைங்க வவுத்துல அடிக்காதீங்க" என்றாள்.

வருடம் முடிந்து நாலு நாள் ஆகிறது. நேற்று வறுவல் கிடைத்தது. இப்போதெல்லாம் உயில் எழுத யார் வந்தாலும் முதலில் மதத்தைக் கேட்கிறேன். தர்மத்துக்கு எழுத வந்த கிறிஸ்தவராக இருந்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்கிறேன்.