முதல் வட்டத்தில் நின்ற புள்ளி

சிம்மக்கல்லில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு தொலைபேசி, உரிமையாளர், நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. வரன் தேடுபவர்கள் விவரங்களைப் பதிந்துகொள்ளும் இணையதளம் ஒன்றை நடத்திவந்தோம். அதன் புரோகிராம் முழுவதையும் எழுதியவன் நான்தான். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவன். நான் எழுதியது எங்கோ ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவதை வாங்கி வைக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசியில் ஒருவர் கத்தினார். ஆனையூரிலிருந்து பேசினார். தம்பிக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். எங்கள் தளத்தில் பார்த்த பெண். பூ, பழம், தட்டு என்று பன்னிரண்டு பேர் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, எட்டாவது மாதத்தில் கணவர் இறந்துபோனார் என்று. இவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

“முதல் கல்யாணம்னு போட்டு எங்கள ஏமாத்திருக்காங்க. நீங்களும் அதுக்கு உடந்தையா?” என்று கேட்டார்.

உரிமையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்தேன். திருமண நிலை என்ற இடத்தில் ‘முதல் திருமணம்’ என்றுதான் இருந்தது.

“அவங்க என்ன போட்டாங்களோ அதுதான் இருக்குண்ணே” என்றேன் உரிமையாளரிடம்.

அன்றே பதிவை நிறுத்தினோம். பொய்யான தகவல் தந்ததால் உங்கள் பதிவு நீக்கப்படுகிறது என்று இரண்டு வரி மின்னஞ்சல். அதையும் நான்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை அந்தப் பெண் நேரில் வந்தார். கூட அவருடைய அம்மா. காமராஜர் சாலைப் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். ஒத்தக்கடையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. கையில் என் மின்னஞ்சலின் பிரிண்ட் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் வெளியே போயிருந்தார்.

“இத எழுதுனது யாரு சார்?”

“நான்தான் மேடம்.”

“நான் பொய் சொல்லல. ரெண்டாவது வட்டத்தத்தான் தொட்டேன். துணையை இழந்தவர்னு இருந்துச்சு. அதத் தொடுறதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். மறந்து மாத்தித் தொட்டுட்டேன்னு சொல்லாதீங்க.”

நான் நாற்காலியைக் காட்டினேன். பிறகு, இன்றும் நினைத்தால் கூசுகிற ஒன்றைச் சொன்னேன். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்.”

அம்மாதான் பேசினார். “தம்பி, அவங்க போன் பண்ணி வாரோம்னு சொன்னப்ப, எல்லாந் தெரிஞ்சேதான் வாராங்கன்னு நெனச்சோம். எம்புட்டு நல்ல மனுசங்கன்னு அன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி வெளக்குப் போட்டு வந்தேன்.”

வாதாடுவதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. பதிவுப் படிவத்தைத் திறந்தேன். திருமண நிலை என்ற கேள்விக்கு நேரே மூன்று சிறு வட்டங்கள்: முதல் திருமணம், துணையை இழந்தவர், விவாகரத்தானவர். எதைத் தொடுகிறோமோ அதில் கறுப்பாக ஒரு புள்ளி விழும். ஒரு பொய்ப் பெயர் போட்டு இரண்டாவது வட்டத்தைத் தொட்டு அனுப்பினேன். பதிவைத் திறந்து காட்டினேன். துணையை இழந்தவர் என்று சரியாகவே இருந்தது. மூன்றாவதைத் தொட்டு அனுப்பினேன். அதுவும் சரி.

“பாருங்க. நாம எதத் தொடுறமோ அதுதான் போகுது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் தப்பு எங்கே என்று தேடும் டீச்சரின் பார்வை என்று இப்போது தோன்றுகிறது.

“எனக்கு ஒரே தடவையில போகல சார்” என்றார். “ஸ்கூல் பக்கத்து பிரவுசிங் சென்டர்ல வச்சுத்தான் போட்டேன். அனுப்புனதும் மேல செவப்பு எழுத்துல பின்கோடு தப்புன்னு வந்துச்சு. ஒரு நம்பர் விட்டுருந்தேன். அதச் சரி பண்ணித் திருப்பி அனுப்புனேன்.”

நான் அதைச் செய்து பார்த்ததில்லை. படிவத்தை எழுதிய நாளிலிருந்து எத்தனையோ முறை சோதித்திருக்கிறேன். எல்லாவற்றையும் சரியாக நிரப்பித்தான் சோதித்தேன்.

மறுபடியும் நிரப்பினேன். இரண்டாவது வட்டத்தைத் தொட்டேன். பின்கோடில் ஐந்து எண்கள் மட்டும் போட்டு அனுப்பினேன். சர்வரிலிருந்து பக்கம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு எழுத்து. பெயர் அப்படியே இருந்தது. முகவரி, படிப்பு, உயரம் எல்லாம் போட்டது போட்டபடி. அவர் கையை நீட்டித் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். புள்ளி முதல் வட்டத்துக்குப் போயிருந்தது.

யாரும் தொடவில்லை. அதுவாகவே போய் முதல் திருமணத்தில் உட்கார்ந்திருந்தது.

அம்மா அவர்கள் வீட்டு மொழியில் என்னவோ கேட்டார். மகள் அதே மொழியில் சுருக்கமாக ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது மட்டும் தெரிந்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. படிவத்தில் பிழை இருந்தால் சர்வர் அதைத் திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பும்போது, ஆள் ஏற்கெனவே நிரப்பியதை மறுபடி அந்தந்த இடத்தில் வைக்கவேண்டியது புரோகிராமின் வேலை. எழுதும் கட்டங்களுக்கெல்லாம் அதை எழுதியிருந்தேன். வட்டங்களுக்குத் தனியாகச் சில வரிகள் எழுதவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் விட்டவன்தான். அதைவிட மோசம் ஒன்று உண்டு. புதிதாகத் திறக்கும்போதே முதல் வட்டத்தில் புள்ளி இருக்கும்படி வைத்தவனும் நான். பெரும்பாலோர் அதைத்தானே தொடுவார்கள், ஒரு கிளிக் மிச்சம் என்று நினைத்தேன். மற்றவர்கள் அந்தப் புள்ளியை எவ்வளவு சிரமப்பட்டு நகர்த்துவார்கள் என்று யோசிக்கவில்லை.

சர்வர் லாகையும் எடுத்துப் பார்த்தேன். யார் எப்போது எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். அவர் சொன்ன நாளில், ஒரே இடத்திலிருந்து, ஒரு நிமிட இடைவெளியில் படிவம் இரண்டு முறை வந்திருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

“தப்பு என்னுதுதான் மேடம்” என்றேன்.

“எனக்கு அந்த மாப்பிள்ளை திரும்ப வரணும்னு இல்ல சார்” என்றார் அவர். “எங்க மாமா, சித்தப்பா எல்லாரும் நானே மறைச்சுட்டேன்னு நெனைக்கிறாங்க. நான் பொய் சொல்லலன்னு எழுதிக் குடுங்க. அது போதும்.”

உரிமையாளர் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். “லெட்டர் பேடுல எழுதிக் குடுத்தா கம்பெனிக்குக் கெட்ட பேரு. பதிவத் திருத்திரு. ஒரு சாரி சொல்லு. அம்புட்டுதான்” என்றார்.

நான் உள்ளே வந்து, நிறுத்திய பதிவைத் திருத்தித் திரும்பப் போட்டேன். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். நடந்ததை எழுதி, இது நான் எழுதிய புரோகிராமின் பிழை, இவர் தந்த தகவல் உண்மையானது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. அந்தப் பெண் ஒருமுறை வாசித்துவிட்டு, ‘இழந்தவர்’ என்பதில் விட்டிருந்த ஒற்றுப்புள்ளியை அவருடைய பேனாவால் வைத்தார். பிறகு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. அதேபோல் இன்னொரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு ஆனையூருக்குப் போனேன். தொலைபேசியில் கத்திய அண்ணன்தான் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே வாசித்தார்.

“பழியக் கம்ப்யூட்டர் மேல போடுறீங்களா?”

“கம்ப்யூட்டர் மேல இல்லண்ணே, என் மேலதான்.”

“சரி, தப்பு யாருதோ இருக்கட்டும். ஏற்கெனவே கல்யாணம் ஆனது உண்மைதான?”

“உண்மைதான்.”

“அப்புறமென்ன?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தெருமுனை வரை வந்திருப்பேன், பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை. வீட்டுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறார். “அன்னிக்கு நாங்க பாதியில எந்திரிச்சு வந்தது ரொம்பத் தப்புன்னு அவங்ககிட்டச் சொல்லிருங்க” என்றார். நீங்களே சொல்லலாமே என்றேன். வீட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். “ம்” என்றார். வைத்துவிட்டார்.

படிவத்தைத் திருத்த அரை நாள்தான் ஆனது. எந்த வட்டத்திலும் புள்ளி இல்லாமல் வைத்தேன். பதிவதற்கு முன், நீங்கள் தந்தது இதுதானா என்று எல்லாவற்றையும் ஒருமுறை காட்டும் பக்கம் ஒன்றையும் சேர்த்தேன். அதன்பிறகுதான் கஷ்டமான வேலை. லாகில் இரண்டு முறை அனுப்பியவர்களையெல்லாம் தேடி, முதல் திருமணம் என்று பதிவாகியிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பலருக்கு அதுதான் சரி. எதற்குக் கேட்கிறாய் என்று சிலர் கோபப்பட்டார்கள்.

எழுமலையில் ஒரு பெரியவர் எடுத்தார். மகளுக்காகப் பதிந்தவர். நான் விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

“பாத்தேன் தம்பி” என்றார். “கோர்ட்டுல தீந்து ரெண்டு வருசமாச்சு. நாங்க சரியாத்தான் போட்டோம். அது மாறிக் கெடந்ததப் பாத்ததும், சாமியாப் பாத்து மாத்துனதுன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புடியே இருந்துட்டுப் போகட்டுமே. நீயும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், பேச்சுலயே தெரியுது.”

“முடியாதுங்கய்யா” என்றேன். “வந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போனா, அவங்கதான வருத்தப்படுவாங்க.”

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. ஒரு பெண்ணின் குரல் வந்தது. “அப்பாவ விடுங்கண்ணே. உள்ளதப் போடுங்க.” நான் போட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, கணக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. பதிவை எடுத்துவிடச் சொன்னார்.

கொஞ்சம் ஆவலோடு, “நல்ல சேதியா மேடம்?” என்று கேட்டேன்.

“இல்ல சார். போதும்னு இருக்கு. பி.எட். சேந்திருக்கேன்.” பிறகு, “அந்த லெட்டர மாமா வாசிச்சாரு. வீட்டுல இப்ப எல்லாரும் பேசுறாங்க” என்றார்.

பதிவைத் திறந்தேன். நீக்கு என்று கொடுத்ததும், உறுதியாகவா என்று நான் எழுதிய புரோகிராம் என்னையே கேட்டது. அவரிடமும் ஒருமுறை கேட்டேன். ஆமாம் என்றார்.