மாதாவின் வலது கையோடு ஊர்காவற்றுறைக்கு

அம்மாவுக்கு அடுத்த மாதம் இருதய சத்திரசிகிச்சை. "அதுக்கு முதல் மாதாவின்ரை கையைக் குடுத்திட்டு வா" என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் தை மாத நடுவில் ரொறன்ரோவிலிருந்து இந்தப் பயணம்.

கை என்றால் உண்மையிலேயே கை. ஒரு சாண் நீள மரக்கை. போர்க்காலத்தில் எங்கள் ஊரான சுருவிலிலிருந்து ஓடிப்போய் ஊர்காவற்றுறைத் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தபோது ஷெல் விழுந்து மாதா சுரூபம் உடைந்ததாம். கீழே கிடந்த கை மிதிபடக்கூடாது என்று அம்மா எடுத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்குமுன் தப்பிப்போகும் படகு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சாமியறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்தக் கை. வெள்ளி தவறாமல் சந்தனம், குங்குமம். ஆனாலும் "களவெடுத்த மாதிரிப் போச்சு" என்று அம்மா புலம்பாத நாளில்லை.

யாழ்ப்பாணத்தில் காலை 7.40 பஸ், 120 ரூபா. ஒரு மணித்தியாலத்தில் ஊர்காவற்றுறை. அங்கிருந்து, மாதாவையும் பழம்பொருள்களையும் வைத்திருக்கும் தேவாலய நூதனசாலைக்கு ஓட்டோ, இரண்டு கிலோமீற்றருக்கு 400 ரூபா. "நூதனசாலையோ? சின்ன அறை அக்கா, பத்து நிமிசம் காணும்" என்றார் ஓட்டோக்காரர். நல்ல கதை! இரண்டு மணித்தியாலம் நின்றேன்.

தேவாலயத்தோடு ஒட்டிய ஒற்றை அறைதான். கதவு திறந்ததும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பொன் நூல் வேலைப்பாடுள்ள பூசை உடுப்புகள், தந்தத்தில் உள்ளங்கையளவு சிலுவை. கடலை அமர்த்தும் யேசுவின் ஓவியத்தில் படகு அசல் நம்மூர் வள்ளம். உள்ளே பயந்து நடுங்கும் சீடர்களை இறங்குதுறையில் கண்ட மாதிரி இருந்தது.

நடுவில் மாதா. ஆளுயரம். வலது மணிக்கட்டுக்குக் கீழே வெறுமை.

அறையைப் பார்த்துக்கொள்ளும் றீற்றா அக்காவிடம் கையைச் சுற்றியிருந்த பொதியை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். கதிரையில் ஏறி, உடைந்த இடத்தில் மெல்லப் பொருத்திப் பிடித்தார். மரத்தின் வரிகூட விலகவில்லை.

"பெருநாளுக்குப் பெருநாள் கையில்லாத இடத்தைப் பூமாலையால மறைச்சுத்தான் மாதாவை வெளியில கொண்டுபோறனாங்கள்" என்று அழுதார்.

விரல்களில் குங்குமக் கறை. வெட்கமாகிப்போய்த் துடைக்கப் போனேன்.

"விடும் பிள்ளை. கும்பிட்ட அடையாளம். அதைத் துடைக்க ஏலாது."

அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். முதல் கேள்வி: "ஏசினவையோ?" போனை மாதா பக்கம் திருப்பினேன். அம்மா இரு கையும் கூப்பினார்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. தோள் மூடிய உடுப்பு அவசியம். குறிகட்டுவான் படகுத்துறைக்கும் அன்றே போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள், எனக்கு முடியவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். ஏசமாட்டார்கள்.