திரும்பி வந்த முப்பத்தெட்டு மெயில்கள்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அனுப்பும் அக்காவை எல்லோரும் தபால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. கையெழுத்தான ரிப்போர்ட்டை அந்தந்த மருத்துவமனைக்கு மெயிலில் தட்டிவிடுவார்; எதையும் திறந்து படிக்கமாட்டார். அடுத்தவர் உடம்பு நமக்கெதுக்கு என்பார். சொந்தத் தம்பியின் கழுத்துக் கட்டியிலிருந்து சதையெடுத்துப் பரிசோதித்தபோதும் அப்படியே. பிடிவாதக்காரி! பக்கத்து மேஜைக்காரன் நானாவது எட்டிப் பார்த்திருக்கலாம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

மூன்று வாரம் தம்பிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஏதாவது இருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டார்களா என்று அக்கா தம்பிக்குத் தைரியம் சொன்னார். அவனும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பிறகு அங்கிருந்து நர்ஸ் ஒருவர் போன் செய்தார்: இந்த மாதம் உங்கள் ரிப்போர்ட் ஒன்றுகூட வரவில்லையே? எல்லாம் அனுப்பியாச்சு என்று அக்கா சண்டைக்கே போய்விட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவரை வரவழைத்தோம்.

எங்கள் மெயில் சர்வர் வாடகைக்கு எடுத்தது. அதில் இன்னும் நூறு கம்பெனிகள் குடியிருக்கின்றன. அதில் எவனோ ஒரு புண்ணியவான் லாட்டரி மெயிலை லட்சக்கணக்கில் அள்ளி விட்டிருக்கிறான். குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களைக் கறுப்புப் பட்டியலில் போடுகிறவர்கள் இந்த சர்வரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்து மருத்துவமனை சர்வர் எங்களையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. நாசமாய்ப் போகிறவன், அவனுக்கு என்ன நஷ்டம்?

திரும்பிய மெயிலுக்குத் தகவல் வந்திருக்குமே என்று கேட்டார் வந்தவர். வந்திருந்தது. பில் அனுப்ப நோயாளிகள் தப்புத் தப்பாக மெயில் முகவரி கொடுத்து, திரும்பி வருவது தினமும் குவிகிறது என்று, அவையெல்லாம் தானாக ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி அக்கா போன வருடமே செய்து வைத்திருந்தார். திறந்தால் அந்த மருத்துவமனையிலிருந்து திரும்பியவை மட்டும் முப்பத்தெட்டு. அதில் நாலாவது மெயில், தம்பியுடையது. வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து படித்தார். புற்றுநோய், வேகமாகப் பரவும் வகை.

அச்செடுத்துக் கையிலேயே கொண்டுபோனோம். தம்பியை வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். அப்போதே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது மூச்சுக்குழாயைச் சுற்றிவிட்டது என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் தம்பி கோபமே இல்லாமல் கேட்டான்.

"நீ அனுப்பிட்டேன்னு சொன்னியேக்கா?"

"அனுப்பினேன்டா. போய்ச் சேந்துச்சான்னு ஒரு போன் போட்டுக் கேக்கல. பாவி, கேக்கல."

 அவன் தன் மனைவியின் நம்பரைத் தட்டி, போனை அக்காவிடம் நீட்டினான்.

"நீயே அவகிட்ட சொல்லிடுக்கா. என்னால முடியாது."